பேறுகாலப் பையை எட்டாம் மாதமே கட்டி வைப்போம்

(நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவு, கர்ப்பிணித் தாய்மார்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் நடத்திய கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும்.

எங்களுக்கு முன்னால் பேசிய மகப்பேறு மருத்துவச் சகோதரி, உடலைப் பற்றியும் உணவைப் பற்றியும் மாத்திரைகளைப் பற்றியும் விளக்கமாகச் சொல்லிவிட்டார். அதில் நாங்கள் சேர்க்க ஒன்றுமில்லை. வலி வந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டிய காரியத்தைப் பற்றித்தான் நாங்கள் பேச வந்திருக்கிறோம். ‘பெண்கள் கூட்டத்துக்கு ஆண்களை ஏன் அழைக்கிறீர்கள்?’ என்று சிலர் கேட்டார்கள். பிள்ளை பெறுவது பெண். ஆனால் அவளை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வீடு முழுவதற்கும் உரிய கடமை. அதனால்தான் அழைத்தோம்.

அறக்கட்டளையின் கைப்பேசிக்கு இரவில் வரும் அழைப்புகளில் பேறுகால அழைப்புகள் உண்டு. வண்டி வேண்டும் என்பார்கள். வண்டி போய்விடும். ஆனால் வாசலில் நின்றுகொண்டே இருக்கும். உள்ளே ஒருவர் ஸ்கேன் சீட்டைத் தேடுவார். அது பீரோவில் இருக்கும். பீரோச் சாவி மாமியிடம் இருக்கும். மாமி பக்கத்துத் தெருவில் மகள் வீட்டில் இருப்பார். இன்னொருவர் கைப்பேசிக்கு சார்ஜ் போட்டுக்கொண்டிருப்பார். இவ்வளவுக்கும் நடுவே ஒருவர், சவூதியிலோ துபாயிலோ இருக்கும் மாப்பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருப்பார். அவர் வேலையில் இருப்பார், எடுக்க மாட்டார். ‘அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பலாம்’ என்று பெண்ணின் உம்மா சொல்வார். ‘சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாமல் போனால் நாளைக்குப் பேச்சு வரும்’ என்று வாப்பா சொல்வார். வலியில் இருக்கும் பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கும்.

இந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் அந்தப் பெண் மீது பாசம் உண்டு. முன்கூட்டியே பேசி வைக்கவில்லை, எடுத்து வைக்கவில்லை என்பதுதான் குறை.

பேறுகால மரணங்களை ஆராய்ந்தவர்கள் மூன்று தாமதங்களைச் சொல்கிறார்கள். மருத்துவமனைக்குப் போவதென்று முடிவெடுப்பதில் ஏற்படும் தாமதம் முதலாவது. போய்ச் சேர்வதில் ஏற்படும் தாமதம் இரண்டாவது. போன இடத்தில் தக்க சிகிச்சை கிடைப்பதில் ஏற்படும் தாமதம் மூன்றாவது. மூன்றாவது தாமதத்தில் நம்மால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். இரண்டாவதில் பாதி நம் கையில் இருக்கிறது. முதலாவது தாமதமோ முழுக்க முழுக்க நம் வீட்டுக்குள் நடப்பது. அதை நாம் நினைத்தால் இல்லாமல் செய்துவிடலாம். பேறுகால இரத்தப்போக்கு ஒரு பெண்ணின் உயிரைச் சில மணி நேரத்திலேயே பறித்துவிடக்கூடியது. அந்த நேரத்தில் சாவி தேடக் கழித்த அரை மணி நேரம் திரும்பி வராது.

ஆகவே பையைக் கட்டுவது என்று நாங்கள் சொல்வது துணியை மடித்து வைப்பதை மட்டும் குறித்தது அன்று. வலி வந்தால் யாரையும் எதற்காகவும் எதிர்பார்க்காமல் அந்தப் பெண் ஐந்து நிமிடத்தில் படி இறங்கும்படி வீட்டை ஆயத்தமாக வைப்பதைத்தான் சொல்கிறோம்.

எப்போது கட்டுவது?

கர்ப்பக் காலம் 40 வாரம் என்று கணக்கு. 37 வாரம் முடிந்துவிட்டால் பிள்ளை எந்த நாளிலும் பிறக்கலாம். அதற்கு முன்பே பிறக்கும் பிள்ளைகளும் உண்டு. எனவே எட்டாம் மாதம், அதாவது 32 வாரம் முடிந்ததும், பை ஆயத்தமாக இருக்க வேண்டும். இரட்டைப் பிள்ளைகள் என்றாலோ, இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தாலோ, முந்தைய பேறு அறுவை சிகிச்சையில் நடந்திருந்தாலோ ஏழாம் மாதமே கட்டிவிடுங்கள்.

இந்த இடத்தில் பெரியவர்கள் ஒரு தடை சொல்வார்கள். பிள்ளை பிறக்கும் முன் அதற்குத் துணிமணி வாங்கக் கூடாது, கண்ணேறு பட்டுவிடும் என்பார்கள். அவர்களை நாம் ஏளனம் செய்யக் கூடாது. இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு வேதனை இருக்கிறது. பிள்ளைகள் பிறந்தும் தங்காமல் போன காலத்தை அவர்கள் பார்த்தவர்கள். வாங்கி வைத்த சட்டை பெட்டியிலேயே கிடக்க, பிள்ளை இல்லாமல் வீடு திரும்பிய தாய்மார்களை அவர்கள் அறிவார்கள். ஆனாலும் சகுனம் பார்ப்பதை நம் மார்க்கம் அனுமதிக்கவில்லை. தருவதும் எடுப்பதும் அல்லாஹ்வின் நாட்டம். மடித்து வைத்த துணிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

பெரியவர்களின் மனமும் நோகாமல் காரியமும் நடக்க ஒரு வழி இருக்கிறது. புதுத்துணி வாங்கவே வேண்டாம். வீட்டில் வெளுத்து வெளுத்து மிருதுவாகிப்போன பருத்தி வேட்டியும் கைலியும் இருக்கும். அவற்றைக் கிழித்து, சோப்பு போட்டுத் துவைத்து, கொதிநீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து மடியுங்கள். பிறந்த குழந்தையின் தோலுக்குக் கஞ்சி மொடமொடப்பும் சாயமும் உள்ள கடைத்துணியைவிட இதுவே மேலானது. நம் நன்னிமார் செய்துவந்ததும் இதுதான். அந்த வேலையை அவர்களிடமே கொடுங்கள். மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

ஆயத்தம் செய்வது இறைவன் மீது நம்பிக்கை இல்லாததன் அடையாளம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்ட மனிதருக்கு, கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள். அல்லாஹ்வின் பாதுகாப்பில் இருந்த தூதரே வழிகாட்டி, வாகனம், உணவு, தங்கும் குகை என்று ஒவ்வொன்றையும் ஏற்பாடு செய்துகொண்டுதான் புறப்பட்டார்கள். அந்தப் பயணத்துக்கு உணவுப் பையைக் கட்ட கயிறு கிடைக்காதபோது அபூபக்கர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள், தம் இடுப்புக் கச்சையையே இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். இரு கச்சுடையார் என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. பின்னர் அவர்களே நிறைமாதக் கர்ப்பிணியாக மதீனாவுக்குப் பயணம் செய்து, குபாவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களைப் பெற்றெடுத்தார்கள். பை கட்டுவது நம் மார்க்க வரலாற்றில் சிறிய வேலையாகக் கருதப்படவில்லை.

முதலில் காகிதங்கள்

இனி பைக்குள் என்ன என்று பார்ப்போம். அதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: காகித உறை ஒன்று, தாய்க்கு ஒரு பை, குழந்தைக்கு ஒரு பை. மூன்றையும் ஒரே கட்டைப் பையில் திணித்தால் நள்ளிரவில் மருத்துவமனை வராந்தாவில் எல்லாவற்றையும் கொட்டித் தேட வேண்டியிருக்கும்.

இம்மூன்றில் முதலிடம் காகித உறைக்குத்தான். துணியை மறந்தால் பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் கொடுத்து உதவுவார். காகிதத்தை யாரும் கடன் தர முடியாது. தண்ணீர் புகாத ஒரு பிளாஸ்டிக் உறையில் தாய் சேய் நல அட்டை, இதுவரை எடுத்த ஸ்கேன் சீட்டுகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, முந்தைய அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதன் வெளியேற்றச் சீட்டு ஆகியவற்றை வையுங்கள். கணவன் மனைவி இருவரின் ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, தாயின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல் ஆகியவையும் அதில் இருக்கட்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தவணைகளாகக் கிடைக்கிறது. பணம் தாயின் கணக்குக்குத்தான் வரும். கணவர் கணக்கோ மாமனார் கணக்கோ உதவாது.

ஒரு தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுத வேண்டியவை சில உண்டு. தாயின் இரத்த வகை, ஒவ்வாமை ஏதும் இருந்தால் அதன் விவரம், பிக்மி எண், அழைக்க வேண்டிய மூன்று பேரின் கைப்பேசி எண்கள் ஆகியவை. தாயின் இரத்தம் நெகட்டிவ் வகை என்றால் சிவப்பு மையில் எழுதுங்கள். குழந்தையின் இரத்தம் பாசிட்டிவாக இருந்தால் பேறு முடிந்து 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஓர் ஊசி போட வேண்டும். இந்தப் பேற்றில் அது விடுபட்டால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து வரலாம்.

பிக்மி எண் என்பது கர்ப்பத்தைப் பதிவு செய்தவுடன் கிராம சுகாதாரச் செவிலியரோ நகர்நல மையமோ தரும் 12 இலக்க எண். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்கள் இதை வாங்காமலே இருந்துவிடுகிறார்கள். நம் மாநிலத்தில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண்ணைக் கேட்கிறார்கள். இன்னும் வாங்காதவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்கள் மேசைக்கு வாருங்கள். எங்கே போவது, எதைக் கொண்டுபோவது என்று எழுதித் தருகிறோம்.

அந்தத் தாளிலேயே தாய் தந்தை இருவரின் பெயர்களையும் ஆதாரில் உள்ளபடி, தமிழிலும் ஆங்கிலத்திலும், எழுத்து மாறாமல் எழுதி வையுங்கள். இது நம் சமுதாயத்துக்கு மிக முக்கியம். நம் அரபுப் பெயர்களை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். முஹம்மது, முகமது, மொகமது எல்லாம் ஒருவரே. ஆனால் அலுவலகத்துக்கு அவர்கள் மூன்று ஆள். மருத்துவமனையில் செவிலியர் பெயர் கேட்கும் நேரத்தில் களைத்துப்போன நன்னி வாயால் சொல்ல, காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டால், பத்து வருடம் கழித்துப் பாஸ்போர்ட் எடுக்கும்போது அலைய வேண்டியிருக்கும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை ஆகியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்று பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டம் ஆகிவிட்டது. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். எனவே பெயர் வைப்பதில் அவசரம் வேண்டாம். எழுத்தில்தான் கவனம் வேண்டும். பிள்ளை எந்த ஊரில் பிறக்கிறதோ அந்த ஊரில்தான் பதிவு நடக்கும் என்பதையும் உம்மா வீட்டுக்குப் பேறுக்குப் போகிறவர்கள் நினைவில் வையுங்கள்.

தாயின் பை

முன்பக்கம் திறக்கும் தளர்வான பருத்தி நைட்டி நான்கு. பால் கொடுக்க அதுதான் வசதி. தளர்ந்த உள்ளாடைகள் ஆறு. அறுவை சிகிச்சை நடந்தால் தையலில் உரசாதபடி இடுப்புக்கு மேலே ஏறி நிற்கும் வகையாக இருக்கட்டும். பெரிய அளவு நாப்கின் இரண்டு பாக்கெட். துண்டு இரண்டு, படுக்கை விரிப்பு இரண்டு, போர்வை ஒன்று, அடியில் விரிக்க ரப்பர் ஷீட் ஒன்று. சோப்பு, பற்பசை, பிரஷ், சீப்பு, தலைமுடி கட்டும் பட்டை, வழுக்காத செருப்பு. பிளாஸ்க், தம்ளர், தட்டு, கரண்டி. சிறு வாளியும் கப்பும் பல இடங்களில் தேவைப்படும். அழுக்குத் துணிக்குத் தனியாக ஒரு பை. கைப்பேசி சார்ஜரை வீட்டில் இருப்பதைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று விடாமல், ஒன்றைப் பையிலேயே போட்டு வையுங்கள். சில்லறையாகக் கொஞ்சம் பணம்.

பெரிய மக்கனா இரண்டு வையுங்கள். பால் கொடுக்கும்போது மறைப்பாகவும், வார்டில் ஆட்கள் வந்துபோகும்போது போர்த்திக்கொள்ளவும் உதவும். திரை போடச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை. பெண் மருத்துவர் இருந்தால் அவரே பார்க்கட்டும் என்று பணிவாகக் கேட்கலாம். ஆனால் அவசர நேரத்தில் ஆண் மருத்துவர்தான் இருக்கிறார் என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. நிர்ப்பந்தத்தில் மார்க்கம் இடம் கொடுத்திருக்கிறது. உயிரைக் காப்பது அதில் முதன்மையானது.

உண்பதற்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் வையுங்கள். தனிமையில் பேறுகால வலியோடு பேரீச்ச மரத்தடிக்கு வந்த மர்யம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் கனிந்த பேரீச்சம்பழத்தையும் காலடியில் நீரோடையையும் தந்தான் என்று குர்ஆன் சொல்கிறது. வலி தொடங்கிய பின் என்ன உண்ணலாம் என்பதை மட்டும் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு இருந்தால் வயிறு காலியாக இருக்கச் சொல்வார்கள்.

குழந்தையின் பை

மிருதுவான துணிகள் பதினைந்து இருபது, சுற்றிப் போர்த்தப் பருத்தித் துண்டு நான்கு, முன்பக்கம் முடிச்சுப் போடும் சட்டை நான்கு, தொப்பி இரண்டு, காலுறை இரண்டு, கொசுவலை ஒன்று. இவ்வளவு போதும். பிறந்த குழந்தைக்குக் குளிர் தாங்காது. தலையும் காலும் மூடியிருக்க வேண்டும். முதல் நாளிலேயே குளிப்பாட்ட வேண்டியதில்லை. தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைத்தாலே சூடு கிடைத்துவிடும்.

அந்தப் பையில் இருக்கக் கூடாதவையும் உண்டு. பால் புட்டி வேண்டாம், மாவுப்பால் டப்பா வேண்டாம், சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், கண்ணுக்கு மை வேண்டாம், தொப்புளில் தடவ எண்ணெயும் பொடியும் வேண்டாம். தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வயது வரை குழந்தைக்குத் தேன் கொடுத்தால் அதிலுள்ள நுண்கிருமியால் தசைகள் செயலிழக்கும் கொடிய நோய் வரக்கூடும். பெரியவர்களுக்கு அது மருந்தாக இருப்பது வேறு விஷயம்.

தஹ்னீக் பற்றிக் கேட்பார்கள். அது சுன்னத். அஸ்மா (ரலி) அவர்களின் குழந்தைக்கு நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று செய்தது நம் எல்லோருக்கும் தெரியும். செய்ய விரும்புகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். குறைமாதக் குழந்தை, மூச்சுத் திணறும் குழந்தை, கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் குழந்தை என்றால் அவர் சொல்வதே முடிவு. எந்தக் குழந்தைக்கும் பழத்துண்டை வாயில் வைக்கக் கூடாது, தொண்டை அடைத்துவிடும். பாங்கு சொல்ல ஆள் வரும்வரை பால் கொடுக்காமல் காத்திருக்கும் வீடுகளும் உண்டு. அப்படி ஒரு சட்டம் மார்க்கத்தில் இல்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைக் கொடுத்துவிட வேண்டும். மஞ்சளாகக் கெட்டியாக இருக்கிறது என்று பீய்ச்சிக் கொட்டாதீர்கள். குழந்தையின் முதல் தடுப்பு மருந்து அதுதான். காசநோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி மூன்றும் பிறந்தவுடன் கொடுக்க வேண்டியவை. போட்டாயிற்றா என்று அட்டையில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

வீட்டில் விட்டுப் போக வேண்டியது நகை. வளையல், கொலுசு, சங்கிலி எல்லாவற்றையும் அறுவை அறைக்கு முன்னால் கழற்றச் சொல்வார்கள். அந்தப் பதற்றத்தில் யாரிடம் கொடுத்தோம் என்று மறந்துபோய், பிறகு குடும்பத்துக்குள் சந்தேகம் முளைக்கும். கருகமணியையும் முன்பே கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். நகப்பூச்சும் வேண்டாம். விரல் நுனியில் கருவி மாட்டி இரத்தத்தில் பிராணவாயு அளவு பார்ப்பார்கள்.

பையில் வைக்க முடியாதவை

ஆண்கள் கவனமாகக் கேட்க வேண்டியது இனிமேல்தான்.

முதலாவது, அனுமதி. வெளிநாட்டில் இருக்கும் மாப்பிள்ளைமார், எட்டாம் மாதத்திலேயே தம் பெற்றோரையும் மனைவியின் பெற்றோரையும் அழைத்துத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: நேரம் வந்தால் என்னைக் கேட்கக் காத்திருக்க வேண்டாம், போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் போதும் என்று. முடிந்தால் அதைக் குரல் பதிவாகக் குடும்பத்துக்கு அனுப்பி வையுங்கள். பிறகு யாரும் யாரையும் குறை சொல்ல இடமிருக்காது. சம்பந்திமார்களே, சொல்லாமல் போனார்கள் என்று மனதில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று நீங்களும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுங்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 18 வயது நிறைந்த பெண் தன் சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தந்து கையெழுத்திடச் சட்டத்தில் இடமுண்டு. அறுவை சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொன்னால் கணவரின் கையெழுத்துக்காக நேரத்தைக் கடத்த வேண்டியதில்லை.

போக வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னால் கிளம்புங்கள். முதல் வலிக்கெல்லாம் போகக் கூடாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லி நிறுத்தாதீர்கள். திருப்பி அனுப்பினால் ஒரு பயணம் வீண், அவ்வளவுதான். பனிக்குடம் உடைதல், இரத்தம் போதல், கடும் தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வலி வரக் காத்திருக்கவே கூடாது. விடியட்டும் என்று சொல்லவும் கூடாது.

இரண்டாவது, வாகனம். 108 ஆம்புலன்ஸ் நம் மாநிலத்தில் 2008 முதல் இலவசமாக ஓடுகிறது. பேறுகாலத்துக்கு அழைக்கலாம் என்பதைக்கூட அறியாத வீடுகள் இன்னும் இருக்கின்றன. தெருப் பெயரையும் பக்கத்திலுள்ள பள்ளிவாசலையோ பள்ளிக்கூடத்தையோ அடையாளமாகச் சொல்ல வீட்டுப் பிள்ளைகளுக்கும் கற்றுக் கொடுங்கள். அது வரத் தாமதமானால் யார் வண்டி என்பதையும் முன்பே பேசி வையுங்கள். அரசு மருத்துவமனையில் பெற்ற தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவந்து விட 102 ஊர்தி உண்டு. அரசு மருத்துவமனைகளில் பேறும் அறுவை சிகிச்சையும் மருந்தும் இரத்தமும் உணவும் இலவசம் என்று 2011 முதல் மத்திய அரசின் திட்டமே இருக்கிறது. கடன் வாங்கித்தான் பிள்ளை பெற வேண்டும் என்ற அச்சம் வேண்டாம்.

மூன்றாவது, இரத்தம். அதே வகை இரத்தமுள்ள இருவரின் எண்களை அந்தத் தாளில் எழுதுங்கள். அவர்கள் அந்த மாதம் ஊரில் இருப்பார்களா என்று கேட்டு எழுதுங்கள். இங்கே அமர்ந்திருக்கும் தம்பிமார்களில் 18 வயது நிறைந்தவர்கள், வாசலில் வைத்துள்ள பதிவேட்டில் உங்கள் இரத்த வகையையும் எண்ணையும் எழுதிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நான்காவது, துணை. அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறையில் ஒரு பெண் துணையாக இருக்க ஏற்பாடு உண்டு. அது உம்மாவா, மாமியா, லாத்தாவா என்பதைப் பெண்ணிடமே கேளுங்கள். யார் கையைப் பிடித்தால் அவளுக்குத் தைரியம் வரும் என்பது அவளுக்குத்தான் தெரியும். அந்தத் துணைக்கும் ஒரு மாற்று உடை, அவருடைய மாத்திரைகள் பையில் இருக்கட்டும். வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது, காலையில் யார் பள்ளிக்கு அனுப்புவது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். மூத்த பிள்ளையைப் பற்றிய கவலையிலேயே கடைசி நிமிடம் வரை கிளம்பாமல் இருக்கும் தாய்மார்கள் உண்டு.

அறக்கட்டளை சார்பில் ஒரு சிறு உதவியும் இருக்கிறது. எட்டாம் மாதத்தில் பெயர் பதியும் எளிய குடும்பத்துத் தாய்மார்களுக்கு, நாங்கள் சொன்ன பொருட்களில் பெரும்பாலானவற்றைப் பையில் வைத்துத் தருகிறோம். கேட்கத் தயங்க வேண்டாம். வாங்கியவர் யார் என்பது அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. வசதியுள்ளவர்கள், உங்கள் வீட்டில் ஒரு குழந்தை பிறக்கும்போது இன்னொரு தாய்க்கு ஒரு பை என்று நிய்யத் வையுங்கள். பட்டியலை அச்சிட்டும் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று எடுத்துச் சென்று, பீரோவுக்குள் வைக்காமல் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். பையையும் அங்கேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். காகித உறை எங்கே இருக்கிறது என்று வீட்டில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பெண்மக்களின் பேறுகாலத்தை எளிதாக்கி வைப்பாயாக. தாயையும் பிள்ளையையும் நலமாக வீடு சேர்ப்பாயாக. பிள்ளைக்காக ஏங்கும் தம்பதியருக்கு நற்பிள்ளைகளைத் தருவாயாக. பேற்றில் பிள்ளையை இழந்த தாய்மாரின் உள்ளத்தை ஆற்றுவாயாக. பேறுகாலத்தில் உன்னிடம் வந்துவிட்ட சகோதரிகளுக்கு ஷஹீதுகளின் அந்தஸ்தை வழங்குவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.